ஏழாயிரம்பண்ணை யூனிட்டில் ஒரு ரீபூட்

கிராபிக்ஸ் கார்டில் கணக்குப் போடும் மென்பொருளை லினக்ஸ் மிஷினில் ஏற்றுவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று உங்களில் ஒருவர் போன வாரம் எனக்குப் போன் செய்து கேட்டீர்கள். கார்டு அந்த மென்பொருளுக்கு ஏற்றதா, லினக்ஸின் கருவான கெர்னல் எந்தப் பதிப்பு, டிரைவரை அந்தப் பதிப்புக்குப் பொருத்தத் தேவையான ஹெட்டர் கோப்புகள் இருக்கின்றனவா, கம்பைலர் இருக்கிறதா, பழைய டிரைவர் மிச்சம் மீதி கிடக்கிறதா. அந்த மென்பொருளின் கையேட்டில் முதல் பக்கங்களிலேயே எல்லாம் இருக்கிறது. அதைத்தான் சொன்னேன். நீங்களும் நன்றி சொல்லி வைத்துவிட்டீர்கள்.

வைத்த பிறகு எனக்கு மனசு ஆறவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால் இதை எழுதுகிறேன். சர்வீஸ் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக ஆரம்பித்தேன். பிறகு சர்வீஸ் வேலைக்கு வந்து, ஓய்வு பெறும்வரை இந்த மாவட்டத்தின் அச்சகங்கள், கல்லூரிகள், எண்ணெய் மில்கள், பட்டாசுக் கம்பெனிகள் என்று சுற்றினேன். எஸ்தர் என்ற என் பெயர் பல இடங்களில் யாருக்கும் தெரியாது. டீச்சர் என்றால்தான் தெரியும்.

நான் சொல்லப்போகும் மிஷின் ஏழாயிரம்பண்ணையைத் தாண்டி ஒரு பட்டாசு யூனிட்டில் இருந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். மானாவாரிக் காட்டுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள், இடையிடையே வேப்பமரங்கள். அந்தப் பக்கம் வெடிமருந்துக் கலவையை மருந்து என்றுதான் சொல்வார்கள். மருந்து கலக்கும் அறைகளுக்கும், அதைக் குழாயில் செலுத்தும் அறைகளுக்கும் எதிரே, தூரத்துக் கம்பங்களில் வெப்பத்தைப் பார்க்கும் கேமராக்களை மாட்டியிருந்தார்கள். வேலிக்கு வெளியே ஆபீஸ் கட்டடத்தில் இருந்த கம்ப்யூட்டர் அந்தப் படங்களை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். ஓர் இடத்தில் சூடு வழக்கத்துக்கு மாறாக ஏறினாலோ, ஓர் அறைக்குள் அனுமதித்த ஆட்களுக்கு மேல் நுழைந்தாலோ சைரன் ஊதும். அவ்வளவு படங்களை அவ்வளவு வேகமாகப் பார்க்கச் சாதாரண கம்ப்யூட்டரால் முடியாது. கிராபிக்ஸ் கார்டு அதற்காகத்தான்.

மென்பொருளை எழுதிய சென்னைக் கம்பெனி அதைப் புதுப்பித்திருந்தது. புதுசுக்குக் கார்டின் டிரைவரும் கணக்கீட்டு மென்பொருளும் புதிதாக வேண்டும். மிஷினைத் தயார் செய்து கொடுக்கும் வேலை எனக்கு வந்தது.

என் தங்கை நர்ஸ். தீக்காய வார்டில் நெடுநாள் இருந்தவள். வீட்டில் அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். பட்டாசு விபத்துகள் அதிகம் நடக்கும் சித்திரை, வைகாசியில் சாப்பிடும்போது போன் அடித்தால் சோற்றில் கையை வைத்தபடியே அப்படியே இருப்பாள். பட்டாசு யூனிட்டுக்குப் போகிற நாளில் எனக்கு அவள் முகம்தான் முன்னால் வந்து நிற்கும். அன்றைக்கும் பஸ்ஸில் அப்படித்தான் போனேன்.

மேனேஜர் ரத்தினவேல் வாசலுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். சீசன் நேரத்தில் தூக்கமில்லாமல் கண் சிவந்து போயிருக்கும்.

"வாங்க மேடம். காப்பி சாப்பிட்டீகளா? நீங்க மிஷின ரெடி பண்ணி வச்சுட்டா மிச்சத்த சென்னைக்காரங்க அங்கன இருந்தே பாத்துக்கிடுவாகளாம். சின்ன வேலைதான்னு சொன்னாக."

"உள்ள ஆளுக வேலை பாக்காகளா சார்?"

"என்ன மேடம் இப்படிக் கேக்குறீக? சீசன்ல ஆள் இல்லாமயா?"

சரி, முதலில் எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்தேன். சுவரில் ஒரு டிவியில் அறைகள் நீலமாகத் தெரிந்தன. அவற்றுக்குள் மனிதர்கள் ஆரஞ்சு நிறத்தில் அசைந்துகொண்டிருந்தார்கள். தலை எது, கை எது என்று தெரியும். முகம் தெரியாது.

கார்டு சரி. கம்பைலர் இல்லை, போட்டுக்கொள்ளலாம். அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் என்ன பதிப்பு என்று கேட்டேன். பதில் வந்தது. அதற்கான ஹெட்டர்களைத் தேடினேன். இல்லை. ஹெட்டர் இல்லாமல் போவது சாதாரணம். ஆனால் டிஸ்க்கில் அந்தக் கெர்னலே இல்லை. அதைவிடப் புதிய ஒன்றுதான் இருந்தது. மறுபடி ஒருமுறை தட்டிப் பார்த்தேன். அதே பதில்.

என்ன நடந்திருக்கிறது என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. அந்த மிஷினை மாதக்கணக்காக யாரும் நிறுத்தி எழுப்பவில்லை, அதாவது ரீபூட் செய்யவில்லை. தானாக வந்த அப்டேட்டுகள் புதிய கெர்னலை டிஸ்க்கில் கொண்டுவந்து வைத்திருக்கின்றன. டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று யாரோ பழைய கெர்னலின் கோப்புகளை அழித்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருப்பது நினைவகத்தில் மட்டுமே உயிரோடு இருக்கும் பழைய கெர்னல். கார்டின் டிரைவர் அந்தப் பழையதற்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை. புதியதற்குச் சேராது.

அதாவது, எந்தக் காரணத்தாலோ அந்தக் கம்ப்யூட்டர் ஒருமுறை நின்று எழுந்தால், கார்டு வேலை செய்யாது. கார்டு இல்லையென்றால் கேமராக்களைப் பார்க்க ஆள் இல்லை. நான் தொட்டதனால் வரப்போகும் கோளாறு இல்லை அது. ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தது. நான் வந்து பார்த்ததால் எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான்.

கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். விரல் தெரியாமல் எதன் மேலாவது பட்டுவிடுமோ என்று பயம். இதை இங்கே நிறுத்திச் சொல்லிவிடுகிறேன்: ஒரு மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும், அது மறுபடி எழுந்து ஓடும் என்பதும் வேறு வேறு விஷயங்கள். முதலாவதை எல்லோரும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுவார்கள். இரண்டாவதைப் பார்ப்பதற்குத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள், அவர்களுக்கே அது தெரியாவிட்டாலும்.

சென்னைக் கம்பெனியில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிட மிகவும் இளையவள், என் மகள் வயது. இந்தத் தொழிலில் எனக்குக் குரு என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவளைத்தான் சொல்வேன். அவள் பதற மாட்டாள், நம்மையும் பதறவிட மாட்டாள். போன் போட்டு விவரத்தைச் சொன்னேன். பழைய கெர்னலை மறுபடி இறக்கி வைத்துவிடலாமா என்று கேட்டேன்.

"பாத்தேன் மேடம். அந்தப் பதிப்பு இப்ப எங்கயும் கிடைக்கல. எடுத்துட்டாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "யூபிஎஸ் எப்படி இருக்கு?"

மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பாட்டரி விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நாளாக எரிகிறதோ தெரியாது. ஜெனரேட்டர் பழுது பார்க்கப் போயிருந்தது. அதை நான் உள்ளே வரும்போதே ரத்தினவேல் சொல்லியிருந்தார்.

"அப்ப இதுல முடிவெடுக்க வேண்டியது நாம இல்ல மேடம்," என்றாள். "ஆளுங்கள உள்ள வச்சிருக்கிறவங்ககிட்ட முதல்ல சொல்லுங்க."

சொன்னேன். ரத்தினவேல் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, எந்தப் புத்திசாலி மனிதரும் சொல்லக்கூடியதைத்தான் சொன்னார்.

"அப்ப தொடாதீங்க மேடம். இம்புட்டு நாளா ஓடுதுல்ல? ஓடட்டும். தீபாவளி லோடு எல்லாம் போகட்டும். அப்புறமா வந்து சாவகாசமாப் பாப்போம்."

"நான் தொடலைன்னாலும் கரண்ட் தொட்டுரும் சார். பாட்டரி போயிருச்சு. ஒருக்கா கரண்ட் போய் வந்தா மிஷின் நிக்கும். எந்திரிச்சா அதுக்குக் கண்ணு தெரியாது. அப்ப உள்ள ஆளுக இருப்பாக."

"அதுக்கு என்னங்குறீக?"

"ஆளுகள வெளிய வரச்சொல்லிட்டு, நாமளே நிறுத்தி எழுப்பணும். டிரைவர மாத்தணும். அது சரியா வந்த பொறகு உள்ள விடணும்."

அவர் சிரித்தார். கோபத்தில் சிரித்த சிரிப்பு. "சீசன்ல வேலைய நிறுத்தச் சொல்லுதீக. மொதலாளிகிட்ட நீங்க பேசுறீகளா?"

நான் பேசுவதாகச் சொன்னேன். ஆனால், நான் சொல்வது தவறாக இருந்தால்? மாதக்கணக்காக நிற்காத மிஷின் தீபாவளி வரைக்கும் நிற்காமலே ஓடிவிட்டால், வேலையைக் கெடுத்த பொம்பளை என்று பேர் வாங்குவேன். இருந்தாலும் அவர் போனை எடுத்தார். எண்ணை அழுத்துவதற்குள் ட்யூப்லைட் மங்கி, ஒருமுறை சிமிட்டி, மறுபடி எரிந்தது. மேஜைக்கு அடியில் யூபிஎஸ் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. இரண்டு பேரும் டிவியைப் பார்த்தோம். ஆரஞ்சு உருவங்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

ரத்தினவேல் போனைக் கீழே வைத்தார். "போர்மேனக் கூப்பிடு" என்று வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

போர்மேன் கருப்பசாமி வேலிக்குள்ளிருந்து வெறுங்காலோடு வந்தார். அவரிடம் ஆட்களை உடனே வெளியே அழைத்து வரும்படி சொன்னேன். எனக்கு அந்த நிமிடமே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். நம் வேலையில் நிறுத்து என்றால் நிற்கும்.

"அப்படி வர முடியாது மேடம்," என்றார் அவர். "ரெண்டு ரூம்ல மருந்து கலந்து கெடக்கு. கலந்தத அப்படியே போட்டுட்டு வந்தா, வெயில் ஏற ஏற அதுதான் வம்பு. கலந்தது எல்லாம் குழாய்க்குள்ள போகணும். இனிமேப்பட்டு யாரும் கலக்காதீகன்னு சொல்லிருதேன். சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிச்சுருவாக. அவசரப்படுத்தவும் கூடாது. அவசரப்பட்டா கை உரசும், உரசினா பத்திக்கிடும்."

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மேனேஜருக்கு வேலை நிற்கக் கூடாது. எனக்கு வேலை இந்த நிமிடமே நிற்க வேண்டும். போர்மேனுக்கு அது நிற்கவும் வேண்டும், மெதுவாகவும் நிற்க வேண்டும். மூன்று பேரும் சொல்வதற்கு மேஜைக்கு அடியில் இருக்கும் பாட்டரி கட்டுப்படாது. அவர் சொன்னதுதான் அங்கே செல்லும் என்று எனக்குத் தெரிந்தது. மருந்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தலையை ஆட்டினேன். அவர் வேகமாக நடந்து போனார், ஓடவில்லை.

காத்திருக்கும் நேரத்தில் என்ன செய்வது என்பதும் ஒரு முடிவுதான். ஓடுகிற டிரைவரோடு சம்பந்தமில்லாத வேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். புதிய கெர்னலுக்கான ஹெட்டர்கள், கம்பைலர். கார்டை முந்திக்கொண்டு பிடித்துக்கொள்ளும் பொது டிரைவர் ஒன்று உண்டு, அடுத்த துவக்கத்தில் அது எழாதபடி அடைத்து வைத்தேன். பழைய டிரைவரை நீக்கச் சொல்லி ஒரு கட்டளையைத் தட்டிவிட்டு, என்டரை அழுத்தாமல் அழித்தேன். அதை நீக்கினால், ஓடிக்கொண்டிருக்கும் கேமரா நிரல் ஏதோ காரணத்தால் ஒருமுறை விழுந்து எழப் பார்த்தால்கூட எழாது. எதைச் செய்யலாம் என்பதைவிட, எதை இப்போது செய்யக் கூடாது என்று பிரிப்பதிலேயே எனக்கு வேர்த்துக் கொட்டியது.

டிவியில் ஒவ்வோர் அறையாகக் காலியாகி நீலமாக மாறியது. கடைசியில் ஓர் அறையில் மட்டும் உருவங்கள் இருந்தன. வாசலில் ஓர் உருவம் நின்றது. அது கருப்பசாமி என்று நடையை வைத்துத் தெரிந்தது.

அப்போதுதான் கரண்ட் போனது.

ட்யூப்லைட் அணைந்தது, மின்விசிறி நின்றது. யூபிஎஸ் விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டரி எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

"சார், இதுல என்னென்ன மாட்டியிருக்கீக?"

"பில் போடுற ரெண்டு கம்ப்யூட்டர், பிரிண்டர்..."

"எல்லாத்தையும் புடுங்குங்க. இந்த மிஷினையும், கேமராவுக்குக் கரண்ட் குடுக்குற இந்தப் பெட்டியையும் மட்டும் தொடாதீக."

மேனேஜர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்தார். அவர் பிளக்கைப் பிடுங்கப் பிடுங்க, அது எதனுடையது என்று நான் வயரைப் பிடித்துப் பார்த்துச் சொன்னேன். கடைசியில் மிச்சம் இருந்தது சுவரில் இருந்த டிவி. அதுவும் அதே பாட்டரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதில் அந்த ஓர் அறை இன்னும் ஆரஞ்சாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. கண்ணை எடுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்பது போல. ஆனால் நான் பார்த்து என்ன செய்யப் போகிறேன்? பார்க்க வேண்டியது மிஷின். ஏதாவது என்றால் சைரனை ஊத வேண்டியது அது. சைரனுக்கு அதன் கம்பத்திலேயே தனிப் பாட்டரி உண்டு. கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தால் போதும்.

"டிவியையும் புடுங்குங்க சார்," என்றேன்.

"அப்ப நமக்கு ஒண்ணும் தெரியாதே மேடம்?"

"தெரியாது."

பிடுங்கினார். அறை இருட்டவில்லை, ஜன்னல் வழியாக வெயில் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எனக்கு இருட்டியது போல இருந்தது. கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். யூபிஎஸ் விட்டுவிட்டுக் கத்துவதை நிறுத்தி ஒரே குரலில் இழுக்க ஆரம்பித்தது. பிறகு அதுவும் நின்றது. அதுவரை நான் கவனிக்காமலே கேட்டுக்கொண்டிருந்த விசிறிச் சத்தமும் நின்றது.

நான் வெளியே நடந்தேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் எனக்கு அனுமதி இல்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து அந்தக் கடைசி அறையின் வாசல் சின்னதாகத் தெரியும். கருப்பசாமி உள்ளே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். மிஷின் நின்றுவிட்டது என்று அவருக்குக் கத்திச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் உள்ளே இருப்பவர்கள் அவசரப்படுவார்கள். அவசரப்பட்டால் கை உரசும் என்று அவர்தான் சொன்னார். வாயை மூடிக்கொண்டேன். மேனேஜர் என் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு காக்கை வேப்பமரத்திலிருந்து எழுந்து பறந்தது. அதற்கே இரண்டு பேரும் திடுக்கிட்டோம்.

முதலில் ஒரு பெண் வெளியே வந்தாள். பிறகு இன்னும் இருவர். தொட்டியில் கை கழுவினார்கள், முகம் கழுவினார்கள், கருப்பசாமிக்கு ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டு வேளைக்கு முன்னாலேயே வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அவர்கள் நடந்து வருவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேட்டுக்கு வந்ததும் கருப்பசாமி கேட்டார்: "மிஷின் ஓடுதா மேடம்?"

"நின்னு போச்சு அண்ணாச்சி. நீங்க வாசல்ல நிக்கும்போதே நின்னு போச்சு."

அவர் திரும்பி அந்தக் கடைசி அறையைப் பார்த்தார்.

கரண்ட் வந்ததும் மிஷினை எழுப்பினேன். எதிர்பார்த்தபடியே கார்டு இல்லாமல் எழுந்தது. பழைய டிரைவரை நீக்கி, புதியதை ஏற்றினேன். ஏறிவிட்டது என்று சொன்னது. ஆனால் கார்டைக் கேட்டால் பதில் இல்லை. கார்டும் இருக்கிறது, டிரைவரும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள மாட்டேன் என்கின்றன. வெயில் சாய ஆரம்பித்தது. ஆட்கள் வேன் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

ரத்தினவேல் என் பின்னால் வந்து நின்றார். பயம் தெளிந்திருந்தது. முதலாளியிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீக. இந்தக் கேமரா வந்ததே இப்பத்தான். அதுக்கு முந்தி நாங்க வேலை பாக்கலையா? ஆளுகள உள்ள விட்டுட்டு நீங்க பாட்டுக்கு இதப் பாருங்களேன்."

இந்த மாதிரிக் கேள்வி உங்களிடமும் வரும். வேறு ஊரில், வேறு தொழிலில், வேறு வார்த்தைகளில் வரும். கேட்பவர் கெட்டவராக இருக்க மாட்டார், கேள்வியிலும் நியாயம் இருக்கும். அந்த நேரத்தில் நமக்கு அதிகாரமே இல்லாத விஷயத்தில் உத்தரவு போடவும் கூடாது, பயந்துகொண்டு பொய்யும் சொல்லக் கூடாது.

"வேலை பாத்தீக சார். அத நான் இல்லைன்னு சொல்லல. ஆளுகள விடுறதும் விடாததும் உங்க பொறுப்பு. ஆனா மிஷின் பாக்குதான்னு என்கிட்ட கேட்டா, பாக்கலைன்னுதான் சொல்லுவேன். மொதலாளி கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன்."

அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். வேலை நடக்க வேண்டிய அறைகள் வெயிலில் காலியாகக் கிடந்தன. கொஞ்ச நேரம் கழித்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்படி வேன்காரரிடம் சொல்லும் குரல் கேட்டது. பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவர்கள். அரை நாள் போனது அவர்களுக்கு நட்டம். வேனில் ஏறும்போது சிலர் ஆபீஸ் ஜன்னலைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

சென்னையிலிருந்த பெண்ணுக்கு மறுபடி போன் போட்டேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, "செக்யூர் பூட் போட்டிருக்கா?" என்றாள். போட்டிருந்தது. நம்பகமானது என்ற டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரை உள்ளே விடமாட்டேன் என்று மிஷின் தடுத்துக்கொண்டிருந்தது. டிரைவருக்குக் கையெழுத்துப் போட ஒரு டிஜிட்டல் சாவியை உருவாக்கி, துவக்கத்தின்போது திரையின் முன்னால் உட்கார்ந்து அதைப் பதிந்த பிறகு கார்டு பதில் சொன்னது. அந்த நாலைந்து வரிப் பதிலைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு தடவை ரீபூட் செய்து பார்த்தேன். இரண்டு தடவையும் தானாக எழுந்தது. பாட்டரியை மாற்றாமல் ஆட்களை விடக் கூடாது என்று இந்தத் தடவை ரத்தினவேலே சொன்னார். சாத்தூரிலிருந்து புதுசு வந்தது.

மறுநாள் காலையில், வேலை தொடங்கும் முன் சோதனை. கருப்பசாமி ஒரு துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூங்கில் கழியில் தொங்கவிட்டு, காலி அறையின் வாசலில் தூக்கிப் பிடித்தார். டிவியில் நீலத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. சைரன் ஊதியது. அவ்வளவு சந்தோஷமாக ஒரு சைரனை நான் கேட்டதில்லை.

எல்லோரும் உள்ளே போகத் தயாரானபோது, முந்தைய நாள் கடைசி அறையில் இருந்த பெண்களில் ஒருத்தி என்னிடம் வந்தாள். பெயர் மாரீஸ்வரி.

"டீச்சர், நேத்து நாங்க உள்ள இருக்கும்போதே கம்ப்யூட்டர் நின்னு போச்சாம்ல? போர்மேன் சொன்னாக."

"ஆமாம்மா."

"அப்ப யாரு பாத்துக்கிட்டு இருந்தா?"

"போர்மேன் அண்ணாச்சி வாசல்ல இருந்தாரு. மிஷின் பாக்கல. வேற யாரும் பாக்கல."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அண்ணாந்து கேமராக் கம்பத்தைப் பார்த்தாள்.

"மேல கேமரா இருக்குன்னுதான் டீச்சர் நாங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டு வேலை பாக்கோம். அது பாக்கலைன்னா எங்களுக்குத் தெரிய வேணாமா? உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா?"

கேட்டில் நின்று வாயை மூடிக்கொண்டது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். அந்த நேரத்தில் கத்துவதைத் தவிர வேறு வழி இல்லாமல் இருந்ததுதான் தப்பு. மிஷின் ஆபத்தைப் பார்த்தால் சைரன் ஊதும். மிஷினே பார்க்காமல் போனால் எதுவும் ஊதாது. யாரும் பார்க்காத அமைதியும் எல்லாம் நன்றாக இருக்கும் அமைதியும் உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அன்றைக்கு நான் ஊருக்குத் திரும்பவில்லை. கேமராக் கம்பத்தில், எல்லா அறை வாசலிலிருந்தும் தெரியும்படி ஒரு பச்சை விளக்கு வைக்க வேண்டும் என்று ரத்தினவேலிடம் கேட்டேன். நிரல் ஒவ்வொரு படத்தையும் பார்த்து முடித்ததும் விளக்குக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். சமிக்ஞை வந்துகொண்டிருக்கும்வரை விளக்கு எரியும். நிரல் விழுந்தாலும், கார்டு விழுந்தாலும், கரண்ட் போனாலும், நடுவில் வயரை எலி கடித்தாலும் அணைந்துவிடும். மணி அடிக்காது, யாரையும் பதற வைக்காது. அணைந்தால் மிஷின் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

"லைட்டு அணைஞ்சா வேலைய நிறுத்திட்டு வந்துருவாகளே மேடம்," என்றார் ரத்தினவேல்.

"கலந்தத முடிச்சுட்டு வருவாக சார். அதுக்குத்தானே வைக்கோம்."

அவர் கருப்பசாமியைப் பார்த்தார். கருப்பசாமி தரையைப் பார்த்துக்கொண்டு, "வச்சுருவோம் சார்" என்றார். வைத்தார்கள். மருந்து அறைகளின் பக்கம் தீப்பொறி வராத கூட்டுக்குள் அடைத்த விளக்குத்தான் வைக்க முடியும். அதற்குத் தகுந்த எலக்ட்ரீசியனைச் சிவகாசியிலிருந்து ரத்தினவேலே கூட்டிக்கொண்டு வந்தார்.

அதனால் உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். கெர்னல், ஹெட்டர், கம்பைலர் எல்லாவற்றையும் பாருங்கள். பார்த்துவிட்டு, இந்த மிஷின் இப்போது நின்றால் யாருக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். அந்த ஆள் எங்கே இருக்கிறார், மிஷின் நின்றது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை என்டரை அழுத்தாதீர்கள். மேனேஜர் அவசரப்படுத்துவார். நமக்கும் பயமாக இருக்கும். பயத்தோடேயே கேளுங்கள்.

பல மாதங்கள் கழித்து ஒரு காலையில் ரத்தினவேலிடமிருந்து போன் வந்தது. குரலில் அவ்வளவு கோபம்.

"மேடம், உங்க பச்சை லைட்டு அணைஞ்சுபோச்சு. நான் சொல்றதுக்கு முந்தியே ஒரு ஆளு மிச்சமில்லாம வெளிய வந்துட்டாக. வேப்பமரத்தடியில நின்னு கதை பேசிக்கிட்டு இருக்காக. லோடு நிக்கி. ஒடனே வாங்க!"

"மாரீஸ்வரி ரூம்ல எல்லாரும் வந்துட்டாகளா சார்?"

"அவதான் மொதல்ல வந்தா!"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சாத்தூரில் பஸ் மாற வேண்டும். அடுத்த பஸ் புறப்பட நேரம் இருந்தது. அறைகளுக்குள் ஆள் யாரும் இல்லை, அவசரமும் இல்லை. இறங்கி, ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தவரிடம் ஒன்று வாங்கி, மிளகாய்ப்பொடி தூவித் தரச் சொன்னேன். அடுத்த பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, அதை மெதுவாகக் கடித்துத் தின்றுகொண்டே ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன்.